சொட்டுவது கீழே, கசிவது மேலே

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். 2008 மாடல் மெர்சிடிஸ் இ 280 சிடிஐ, நான் இரண்டாவது ஓனர். ஓடியது 1,60,000 கி.மீ. ஒரு வருடமாக இன்ஜின் ஆயில் ஒழுகுகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டுகிறது. சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘ரியர் ஆயில் சீல் போயிடுச்சு’ என்று கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி அதே இடத்தில் ஒழுகல். இப்போது 700 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். ஒருவர் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் கசிவை அடைக்கும் மருந்து டப்பாவை வாங்கச் சொல்கிறார். மகன் ‘வித்துடுங்கப்பா’ என்கிறான். என்ன செய்யலாம்? கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: ஐயா, உங்கள் வண்டியின் ரியர் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம், முதலிலேயே நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் இன்ஜின் ஓ.எம். 642 என்கிற 3 லிட்டர் வி6 டீசல். இதில் கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் சொட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் வண்டிக்கு அடியில் இல்லை, பானெட்டைத் திறந்தால் தெரியும் பக்கத்தில் இருக்கிறது. ஆயில் கூலர் சீல்.

இந்த இன்ஜினில் மூன்று சிலிண்டர் ஒரு பக்கம், மூன்று சிலிண்டர் இன்னொரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடியில், ஆயிலின் சூட்டைத் தணிக்கும் அலுமினிய ஆயில் கூலரை உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு, அதற்கும் மேலே காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. கூலருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சீல் வருடக்கணக்கில் வெந்து, தட்டையாகி, கல்லுபோல இறுகிவிடும். அப்புறம் ஆயில் அந்தப் பள்ளத்தில் தேங்க ஆரம்பிக்கும். தேங்கிய ஆயில் பின்பக்கம் உள்ள துளை வழியாக வெளியேறி, பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்பக்க மணி வடிவக் கூடு) மேல் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது அச்சு அசலாக ரியர் ஆயில் சீல் கசிவுபோலவே இருக்கும்.

ஒர்க்‌ஷாப்காரர் உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் கை தேர்ந்த மெக்கானிக்குகள் பெரும்பாலும் லாரியில் வேலை கற்றவர்கள். லாரியில் அந்த இடத்தில் ஆயில் அடித்தால் பெரும்பாலும் ரியர் சீல்தான். அந்தப் பழக்கத்தில் கியர்பாக்ஸை இறக்கியிருப்பார்கள். ஆனால் இறக்கியவுடன் சீலுக்கு மேலே, பெல் ஹவுசிங்கின் தலைப்பகுதியில் ஆயில் வழிந்த தடம் இருந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். ஆயில் ஒருபோதும் மேல்நோக்கி ஒழுகாது. நனைந்த பகுதியில் எது உச்சமோ அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அளவே ஒரு துப்பு. ரியர் சீலுக்குப் பின்னால் பம்பின் அழுத்தம் கிடையாது. கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயிலைத் தடுப்பதுதான் அதன் வேலை. அது தேய்ந்தால் ஈரம் கசியும், சொட்டும். 700 கி.மீ.க்கு ஒரு லிட்டர் போக வேண்டுமானால் சீல் கிழிந்தே போயிருக்க வேண்டும், அல்லது கிராங்க் தண்டு சுழலும் கூடான கிராங்க்கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறியிருக்க வேண்டும். ஆயில் கூலர் அப்படி இல்லை. பம்ப் தள்ளுகிற ஆயில் முழு அழுத்தத்தோடு அதன் வழியாகத்தான் போகிறது. சீல் விட்டால் கசிவதோடு நிற்காது, பம்பே ஆயிலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விஷயம். ஏற்காட்டில் வீட்டு வாசல் சமதளமாக இருப்பது அபூர்வம். நீங்கள் தினமும் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துகிறீர்கள் என்றால், முன்பக்கம் கசியும் ஆயில்கூடப் பின்னால் ஓடி கியர்பாக்ஸ் அடியில்தான் சொட்டும். போதாததற்கு, இந்த வண்டியில் இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. அது ஆயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு வேறெங்கோ ஒரு மூலையில் விடும். அதனால் சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆயில் அளவைப் பார்ப்பதிலும் இதே சிக்கல் உண்டு. சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஏற்காடு டவுனுக்குள் அப்படி ஓர் இடம் கிடைக்காமல் போகாது.

சரி, கூலர் சீல்தானா என்று எப்படி உறுதி செய்வது? மறுபடி எதையும் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஓர் இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலாகவோ பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ இருக்கலாம், அது வேறு கதை. வழவழப்பு இல்லாமல் தண்ணீர்போல, கொஞ்சம் இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட்.

இன்ஜின் ஆயில்தான் என்று தெரிந்த பிறகு ஒர்க்‌ஷாப்பில் அடித்தட்டைக் கழற்றி, இன்ஜினையும் பெல் ஹவுசிங்கையும் டிகிரீசர் போட்டுச் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். டீசல் வண்டியாக இருந்தாலும் ஒயர் கனெக்டர்களைப் பார்த்துத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். கழுவாமல் கசிவைத் தேடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கழுவிய பிறகு ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயத்தை ஊற்றி, ஐம்பது அறுபது கி.மீ. ஓட்டி வந்து, புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தால் தடம் பளிச்சென்று தெரியும். மெல்லிய கேமரா இருந்தால் இன்டேக் மேனிஃபோல்டு இடுக்கு வழியாகப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்க்கலாம். அங்கே ஆயில் குளம் கட்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

குளம் இருந்தாலும் உடனே கூலரைக் கைகாட்டிவிடக் கூடாது, ஏனென்றால் மேலிருந்தும் அதில் ஆயில் விழலாம். டர்போவுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சீல் இருக்கிறது. கிராங்க்கேஸ் மூச்சுக் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்துதான் டர்போவுக்குள் போகும். அந்தச் சீல் இறுகினால் ஆயில் மெதுவாகக் கசிந்து கீழே விழும். விழுகிற இடம் மோசமான இடம்: இன்டேக் மேனிஃபோல்டின் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார் அங்கேதான் இருக்கிறது. ஆயிலில் ஊறி அது கெட்டால் செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. ஏற்கெனவே அந்த விளக்கு எரிகிறது என்றால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயின் சீலும் சந்தேகப் பட்டியலில் உண்டு. ஆயில் ஃபில்டர் மூடியை யாராவது பழைய ரப்பர் வளையத்தோடு மூடியிருக்கிறார்களா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

அப்படியே கிராங்க்கேஸ் மூச்சு சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதே இடத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். சும்மா கொஞ்சம் நடுங்கினால் பரவாயில்லை. தூக்கித் தள்ளினாலோ குபுகுபுவென்று புகை வந்தாலோ மூச்சுக் குழாய் அடைத்திருக்கலாம், இல்லை பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு எத்தனை சீல் மாற்றினாலும் ஒவ்வொன்றாகக் கசியும். போன தடவை போட்ட புது ரியர் சீல் உட்பட.

கெட்டி ஆயில் யோசனையை மறந்துவிடுங்கள். 20டபிள்யூ-50 பழைய அம்பாசடருக்குச் சரி. உங்கள் இன்ஜினில் டர்போ, ஹைட்ராலிக் டேப்பெட், குறுகலான ஆயில் வழிகள் எல்லாம் இருக்கின்றன. ஏற்காட்டுக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி ஆயில் அழுத்தத்தை இன்னும் கூட்டும், பலவீனமான சீலில் இன்னும் வேகமாக வெளியேறும். மெர்சிடிஸ் கையேட்டில் சொன்ன தரக்குறியீடு உள்ள ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். புகைக்குழாயில் டீசல் துகள் வடிகட்டி இருந்தால் 229.51 போன்ற சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம்.

மருந்து டப்பா ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். கொஞ்சம் சுருங்கிய ரப்பருக்கு அது தற்காலிகமாக உதவலாம். வெந்து கல்லாகிப் போன ரப்பர் எதில் ஊறினாலும் திரும்பி வராது. நன்றாக இருக்கிற மற்ற சீல்கள்தான் தேவையில்லாமல் நெகிழும்.

இனி வேலை. சீல் விலை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அதைத் தொடுவதற்காகக் கழற்றுவதற்குத்தான் கூலி. டர்போ, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் குழாய்கள், இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் ‘ரயில்’ குழாய்கள், இரண்டு பக்க இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் வெளியே வர வேண்டும். பழகிய கைக்கு இரண்டு மூன்று நாள். புதிதாகச் செய்பவருக்கு ஒரு வாரம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். டீசல் ரயிலில் 1,600 பார் வரை அழுத்தம் இருக்கும். இன்ஜின் அணைந்து அழுத்தம் இறங்கிய பிறகுதான் அந்தக் குழாய்களில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பதினாறு, பதினேழு வருட வெப்பத்தில் டர்போ போல்ட் ஒன்றிரண்டு முறியலாம். முறிந்த போல்டை அலுங்காமல் எடுக்கும் லேத் ஆட்களுக்கு சேலத்தில் பஞ்சமே இல்லை, அந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள்.

மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: ‘இந்த இன்ஜினுக்கு ஆயில் கூலர் சீல் மாற்றியிருக்கிறீர்களா, எந்த நிறச் சீல் போடுவீர்கள்?’ ஆரம்பத்தில் வந்தது ஆரஞ்சு நிறம். அது சீக்கிரம் வேகிறது என்பதால் பிறகு கம்பெனியே மாற்றி, ஊதா நிறச் சீலைக் கொண்டுவந்தது. அது வைட்டான் வகை ரப்பர், 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். கேள்வியைக் கேட்டவுடன் ‘ஊதா’ என்று பதில் வந்தால் அவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தவர். ‘அதெல்லாம் பேக்கிங் வெட்டிப் போட்டுக்கலாம்’ என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

திறந்தபோதே இன்னும் சிலவற்றை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். டர்போ காற்றுக் குழாய் சீல், டர்போ ஆயில் திரும்பும் குழாய் சீல், இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங், ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட். மேனிஃபோல்டுக்குள் கரி அப்பியிருக்கும், அதை வெளியே வைத்தே சுத்தம் செய்யலாம். மடல்களை அசைக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலரையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குள்ளேயே ஓட்டை இருந்தால் ஆயிலும் கூலன்டும் கலக்கும், அப்போது சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் எட்டு லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கூலர் உட்காரும் இடத்தை எமரி தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அலுமினியத்தில் விழும் ஒரு கோடு போதும், புதுச் சீலும் கசியும். பிளாஸ்டிக் சுரண்டியும் துணியும் போதும். மேனிஃபோல்டு வெளியே வந்ததும் சிலிண்டர் வழிகளைத் துணியோ டேப்போ போட்டு மூடிவிட வேண்டும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் அப்புறம் பேச்சு ஆயில் கசிவைப் பற்றி இருக்காது. கூலர் போல்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில்தான் முறுக்க வேண்டும். ‘கை அளவு எனக்குத் தெரியும்’ என்பவரின் கை லாரி அளவுக்குப் பழகியிருக்கும்.

பிரித்துப் போட்ட பிறகு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய சீல்களை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். போன தடவை நாற்பதாயிரம் கொடுத்தபோது பழைய ரியர் சீலைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அது உதடு கிழிந்து இருந்ததா, புதிதுபோல இருந்ததா என்று அப்போதே தெரிந்திருக்கும்.

இப்போது ஓட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சேலத்திலிருந்து கோயம்புத்தூர் 160 கி.மீ. அளவு. கணக்குப்படி கால் லிட்டர் போகும், அது இன்ஜினைக் கொல்லாது. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் ஆயில் சூடாகி அழுத்தமும் கூடும்போது கசிவு அதே கணக்கில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சரியான அளவு வரை ஊற்றிக்கொண்டு, ஒரு லிட்டர் கையில் வைத்துக்கொண்டு, சங்ககிரியிலும் பெருந்துறையிலும் நிறுத்தி அளவு பார்த்துப் போகலாம். இதற்கு ஒரு நிபந்தனை: ஆயில் கருகும் வாசனையோ, நிறுத்தியவுடன் பானெட் இடுக்கில் புகையோ இருக்கக் கூடாது. இருந்தால் ஆயில் டர்போவின் மேலோ புகைக்குழாயின் மேலோ விழுகிறது, வண்டி தீப்பிடிக்கும் வழி அது. அப்போது யோசிக்காமல், காரை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டை லாரியில் ஏற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டி என்பதால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம்.

மலைப்பாதை இதைவிடப் பெரிய கவலை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அளவு குறைந்திருக்கும்போது சரிவில் வண்டி சாய்ந்து வளைவில் திரும்பினால் சேம்பரில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் ஒரு நொடி காற்றை உறிஞ்சினாலும் பேரிங்குக்கு அந்த நொடி ஆயில் இல்லை. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் அடுத்த சமதளத்தில் நிறுத்தி ஆயில் ஊற்றலாம். சிவப்பில் ஆயில் அழுத்த எச்சரிக்கை வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள், ‘இன்னும் நாலு வளைவுதானே’ என்ற எண்ணம் வேண்டாம். வளைவுகளில் நீங்கள் சிந்திவிட்டுப் போகும் ஆயில் மழை நேரத்தில் பின்னால் வரும் பைக்காரரை வழுக்கி விழ வைக்கும். அதற்காகவே சரிசெய்யும்வரை இந்த வண்டியை மலைக்கு மேலும் கீழும் தினசரி ஓட்டாதீர்கள்.

ஷோரூமில் யாராவது ‘ஆயிரம் கி.மீ.க்கு 0.8 லிட்டர் வரை ஆயில் குறைவது சாதாரணம் என்று கையேட்டிலேயே இருக்கிறது’ என்று சொன்னால், அது இன்ஜினுக்குள் எரிந்து போகும் ஆயிலுக்கான கணக்கு என்று சொல்லுங்கள். தரையில் சொட்டுவதற்கு அப்படிச் சலுகை கிடையாது.

உங்கள் சீல் சீக்கிரம் வெந்ததற்கு மலையும் ஒரு காரணம் என்று படுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். மெதுவான வேகம், முழு சுமை, ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. டர்போ கொதித்துக்கொண்டிருக்கும்போது வீட்டு வாசலில் சட்டென்று அணைத்தால் அந்தச் சூடெல்லாம் கீழே உள்ள பள்ளத்தில் இறங்கும். ஆயிலும் கூலன்டும் ஓட்டத்தை நிறுத்திவிடுவதால் அதை எடுத்துச் செல்ல எதுவும் இல்லை. ஏறி முடித்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஏரிப் பக்கம் மெதுவாக ஓட்டி வந்தாலும் போதும், அதுவே குளிர்வித்துவிடும்.

கடைசியாக மகன் கேட்பது. ஒழுகுகிற வண்டியை விற்றால் வாங்குபவர் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார், அதனால் இந்த நிலையில் விற்பது நஷ்டம். சரிசெய்வதற்கு முன்பு ஸ்கேனர் போட்டு இன்ஜெக்டர் அளவுகளையும், கியர் மாறுவதில் இழுபறி இருக்கிறதா என்பதையும், டர்போ அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று ராம்ப்பில் ஏற்றிப் பாருங்கள். 2008 வண்டி என்பதால் 15 வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள். அப்படியென்றால் 2028 வரை ஆர்சி கவலை இல்லை. கியர்பாக்ஸும் இன்ஜெக்டரும் நன்றாக இருந்தால் தயங்காமல் சீல் வேலையைச் செய்யுங்கள். இந்த இன்ஜின் நன்றாகப் பராமரித்தால் இன்னும் இரண்டு லட்சம் கி.மீ. ஓடக்கூடியது. கியர்பாக்ஸ் உதறுகிறது, இன்ஜெக்டரும் போய்க்கொண்டிருக்கிறது என்றால் மட்டும் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் முதல் 500 கி.மீ.க்குள் இரண்டு முறை ஆயில், கூலன்ட் அளவுகளைப் பாருங்கள். பள்ளத்திலும் அடித்தட்டிலும் மிச்சம் இருக்கும் பழைய ஆயில் சில நாள் சொட்டலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அளவு குறையாமல் இருந்து சொட்டு மட்டும் வந்தால் அது பழைய மிச்சம். ஆயிலில் நனைந்த இன்ஜின் மவுண்ட் ரப்பர் உப்பியிருந்தால், ஐடிலில் ஸ்டீயரிங் அதிரும். அதை அடுத்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை.